படம் பிறந்த வீடு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது உரக்கச் சொல்லுற கதை இல்லை. தெருவில் போகிற யார் காதிலாவது விழுந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியிருக்கும். கையில் பேப்பர் இருந்தால் படம் உள்ளே போகிற மாதிரி மடித்து வைத்துவிட்டு வாங்க. ம், அப்படித்தான்.

கோட்டைவாய்க்கால் என்று ஓர் ஊர். பெரிய ஊர் என்று சொல்ல முடியாது, பட்டிக்காடு என்றால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். ஒரு பஸ் ஸ்டாண்டு, முப்பிடாதி அம்மன் கோவில், கல்யாண மண்டபமாகிப் போன ஒரு சினிமா கொட்டகை, ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டின மட்டும் பிச்சிப்பூத் தோட்டம். பிச்சியை மொட்டாகப் பறிக்க வேண்டும், வெயில் ஏறினால் மொட்டு வாய் திறந்துவிடும், வாய் திறந்த பூவை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அதனால் பூ எடுக்கிற பொம்பளைகளை இருட்டோடு குட்டியானை என்கிற ஒரு சின்ன லோடு வண்டியில் நிற்க வைத்து ஏற்றிக்கொண்டு போவார்கள், அவர்களும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு தூங்கினபடியே போய் இறங்குவார்கள்.

அந்த வண்டியில் போகிறவள்தான் வடிவு. சுடலைவடிவு என்று முழுப் பெயர். புருசன் இல்லை. ஒரே மகள் இசக்கிராணி, ஒன்பதாவது படிக்கிறாள். கூடப் பிறந்த தங்கச்சி பூலம்மாள், வாழப்போன இடம் சரியில்லை என்று திரும்பி வந்து அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டவள். அக்கா பேசினால் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்காது, தங்கச்சி பேசினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும்.

வடிவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் அரவமில்லாத தோட்டத்தில், பக்கத்துச் செடி தெரியாத இருட்டில்கூட, முந்தானையை இழுத்துத் தோளில் ஊக்கு குத்தாமல் குனிய மாட்டாள். அதற்கென்றே வளையலில் ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பாள்.

"ஏளா, யாரு பாக்கப் போறா? தவளையா?" என்று கூட வருகிறவர்கள் கேலி பண்ணுவார்கள்.

"தவளைக்கும் கண்ணு இருக்குல்லா" என்பாள் வடிவு.

அப்படிப்பட்டவள் செத்துப்போனாள். குழாய் பதிக்கிறோம் என்று வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டை வெட்டினவர்கள் வெட்டின குழியை மூடாமல் போய்விட்டார்கள், மழை வந்து குழியை நிரப்பி ரோட்டோடு ரோடாகச் சமமாக்கி வைத்திருந்தது, குட்டியானை அதில் இறங்கிக் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குக் கை போனது, கால் போனது. வடிவுக்கு உயிர் போனது. தூக்கி ரோட்டில் கிடத்தினார்கள். மேலே போர்த்துவதற்கு ஒரு துண்டு கேட்டு ஒருத்தி பாலத்தடி டீக்கடைக்கு ஓடினாள். அவள் துண்டோடு திரும்பி வருவதற்குள் அந்திச்சேதி பேப்பர்க்காரன் சேவியர் படம் எடுத்து முடித்து, கேமராவை உறையில் போட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்திச்சேதியின் முதல் பக்கத்தில், பாதிப் பக்கத்துக்கு, கலரில் வந்தது அந்தப் படம். அது எப்படி இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் ஒரு பிரதி அச்சடித்த மாதிரி ஆகிவிடும். சேலை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் போன் பேசுவதற்கு மட்டும்தான், படம் பார்க்க வேண்டுமென்றால் பேப்பர்தான். ஊர் வாங்கிப் பார்த்தது. "அய்யோ பாவம்" என்று சொல்லிப் பார்த்தது, "இதையெல்லாமா போடுவாக?" என்று ஏசிக்கொண்டே பார்த்தது, மடித்து வைத்துவிட்டு யாரோ கேட்டார் என்று மறுபடி விரித்துப் பார்த்தது. தீர்ந்துபோய் இரண்டாம் தடவை அச்சடித்துக் கொண்டுவந்தார்கள், அதுவும் தீர்ந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். செத்துப்போன பொம்பளைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். கோடி என்றால் புதுச் சேலை, யாரும் உடுத்தாத சேலை, கடைக்கஞ்சி வாடை போகாத சேலை. புருசன் வீட்டார் பட்டுச் சேலையே போர்த்தினாலும் அது கணக்கில் சேராது, பிறந்த வீட்டுக் கோடி மேலே விழுந்தால்தான் அவள் வாசலைத் தாண்டுவாள். அவள் தாண்டும்வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அந்தத் தெருவில் கோவில் நடை திறக்காது. ஆஸ்பத்திரியில் வடிவைத் துணியால் சுற்றி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி கட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் தம்பி இல்லாத குடும்பம். பூலம்மாளே கடைக்குப் போய் அக்காவுக்குப் பிடித்த கத்திரிப்பூ நிறத்தில் சேலை எடுத்து வந்து போர்த்தினாள். மகள் முகத்தை மட்டும் பார்த்தாள், வாய்க்கரிசி போட்டாள். அடக்கம் முடிந்தது.

மறுநாள் காலையில் ஊரில் ஒரு அடுப்பும் எரியவில்லை.

முதலில் தீப்பெட்டி நமுத்துப்போனது என்றார்கள். பிறகு கேஸ்காரனுக்குப் போன் போட்டு, "சிலிண்டர்ல காத்தடிச்சு அனுப்புதியாடே?" என்று ஏசினார்கள். அவன் வந்து குழாயைக் கழற்றி மோந்து பார்த்தான், கேஸ் வருகிறது, நெருப்புத்தான் பிடிக்க மாட்டேன் என்கிறது. விறகடுப்பில் சுள்ளி கறுக்கக்கூட இல்லை. கரண்டு அடுப்பை வைத்திருந்த வாத்தியார் வீட்டில் சுருள் கம்பி சிவக்கவே இல்லை. பாலத்தடி செவத்தையா டீக்கடையில் பாய்லர் ஜில்லென்று நின்றது. அம்மன் கோவிலில் பூசாரி விளக்கேற்றப் போனால் திரி எண்ணெயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தது, குச்சிக்குமேல் குச்சி உரசினார், ஒவ்வொரு குச்சியும் திரிக்குப் பக்கத்தில் போனதும் யாரோ ஊதினாற்போல அணைந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். தேங்காய் உடைக்கிற கல்லுக்கடியில் தரை அழுக்காகக் கூடாதென்று அவர் கையாலேயே அந்திச்சேதி விரித்துப் போட்டிருந்தார். படம் மேலே பார்க்கக் கிடந்தது.

பூசாரி வெளியே வந்து, நடையைச் சாத்திவிட்டு, தெருவில் கூடி நின்றவர்களிடம் சொன்னார்: "பொணம் வீட்டுக்குள்ள கிடக்கும்போது அடுப்பு எப்படிய்யா எரியும்?"

ஒருவரும் 'என்ன சொல்லுதீரு' என்று கேட்கவில்லை. ஆச்சரியம் என்பது, தெரியாத ஒன்றைப் பார்த்தால் வருவது. இவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? ஒளித்துவைத்ததை யாரோ பார்த்துவிட்ட மாதிரி அவரவர் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அலமாரித் தட்டில் விரித்திருந்தது, சைக்கிள் கேரியரில் சுருட்டியிருந்தது, உளுந்து டப்பாவுக்கு மூடியாக இருந்தது, எல்லாவற்றிலும் வடிவு கிடந்தாள்.

தூக்கி எறிந்துவிடலாம் என்று குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் அதே மடிப்போடு அதே தட்டில் இருந்தது. வாய்க்காலில் விட்டார்கள், தண்ணீர் அதைக் கரைக்காமல் அவரவர் படித்துறையில் ஒதுக்கி வைத்தது. பழைய பேப்பர்க்காரன் தராசைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். கொளுத்தலாமென்றால் நெருப்பே இல்லையே. கடைசியில், கோடி போட்டுப் பார்ப்போம் என்று யாரோ யோசனை சொல்ல, ஜவுளிக்கடையில் புதுத்துணியெல்லாம் விற்றுத் தீர்ந்தது. ஆளாளுக்கு ஒரு முழம் கிழித்துப் படத்தின்மேல் போர்த்தினார்கள். போர்த்தி முடித்துத் தீப்பெட்டி எடுத்துவரத் திரும்புவதற்குள் துணி பக்கத்தில் நாலாய் மடிந்து இருந்தது, 'உங்க துணி எனக்கெதுக்கு' என்று சொல்லாமல் சொன்னதைப்போல.

எதற்கும் பழகிக்கொள்கிற சாதிதானே மனுசசாதி. இரண்டொரு நாளில் ஊர் அதற்கும் பழகப் பார்த்தது. அவலை நனைத்துத் தின்றார்கள், பக்கத்து ஊரில் இட்லி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள், பெண் பார்க்க வருகிறோம் என்றவர்களை மெதுவாக வாருங்கள் என்றார்கள். டீக்கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் டீ இல்லாமலேயே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள், பேப்பர் மட்டும் எவரும் கேட்கவில்லை. "வெறுவாயில எம்புட்டு நேரந்தான் உக்காந்திருப்பீய?" என்று செவத்தையா கேட்டால், "வீட்டுல போயி அவ மூஞ்சில முழிக்கணும்லா" என்பார்கள். ஆனால் கைப்பிள்ளைக்குப் பாலைக் காய்ச்சாமல் கொடுக்க முடியுமா? காய்ச்சலில் கிடக்கிற கிழவருக்குக் கஞ்சி?

அப்போதுதான் ஒரு புகை தெரிந்தது.

ஊர் முழுக்க ஒரே ஒரு வீட்டு முகட்டில் புகை. அது வடிவு வீடு. அந்த ஒரு வீட்டுக்குத்தான் அந்திச்சேதி போகவில்லை, போட யாருக்கும் மனசு வரவில்லை. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்து போட வேண்டும். அக்கம்பக்கத்தார் அடுப்பெல்லாம் செத்துக் கிடந்ததால் ஒரு சொந்தமும் ஒரு வாய் கொண்டுவரவில்லை, பிள்ளை பசித்துக் கிடக்கிறதே என்று பூலம்மாளே வழக்கத்தை மீறி அடுப்பை மூட்டினாள். அது குப்பென்று பிடித்துக்கொண்டது.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் பிள்ளை, கையில் பால் சட்டி. பூலம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"என்னளா?"

"பிள்ளைக்குப் பாலு, மைனி."

"உன் அடுப்புக்கு என்ன கேடு?"

 அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பூலம்மாள் குரலை இறக்கினாள். அவள் குரல் இறங்கி அன்றைக்குத்தான் பார்த்தார்கள். "இங்க பாரு. அம்புட்டுப் பேரும் பாத்துட்டீய. இந்த ஊருல அதப் பாக்காதது ஒரே ஒரு உசுருதான், அது உள்ள இருக்கு. அவ அம்மை பூக்கூடையோட போனா, போர்த்திக்கிட்டு வந்தா. அம்புட்டுதான் அவளுக்குத் தெரியும். சாகுற வரைக்கும் அம்புட்டுதான் தெரியணும். அதப் பத்தி ஒரு வார்த்தை எவ வாயிலயாவது வந்துது, அடுப்புல தண்ணிய ஊத்திருவேன். சம்மதம்னா உள்ள வா."

ஊர் சம்மதித்தது. சட்டி பானையோடு ஒவ்வொருத்தராக வந்தார்கள், அந்த வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது, ரேசன் கடையில் நிற்கிற சத்தம்கூட இல்லாமல் நின்றது. யாரைப் பார்த்தார்களோ அவள் வீட்டு நெருப்பில், அவள் மகள் ஊதிவிட்ட அடுப்பில், ஊர் தன் சோற்றைப் பொங்கிக்கொண்டு போனது. இசக்கிராணி முகம் சுளிக்காமல் விறகைத் தள்ளிக் கொடுத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள், "உங்க வீட்டு அடுப்புக்கு என்னாச்சுக்கா?" ஒருத்தி கேஸ் தீர்ந்துவிட்டது என்றாள், ஒருத்தி விறகு ஈரம் என்றாள், வாத்தியார் கரண்டு இல்லை என்றார், அவர் தலைக்குமேல் தெருவிளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

ஆள் போனபின்னால் ஒருநாள் அவள் சித்தியிடம் கேட்டாள்.

"சித்தி, எல்லாரும் ஏன் தரையப் பாத்துகிட்டே பேசுதாங்க?"

"துட்டு கிட்டு கிடக்கான்னு பாப்பாவளா இருக்கும்."

"என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்காங்க."

பூலம்மாள் பானையைக் கழுவுகிறவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் வாயைக் கட்டிப்போடலாம், எத்தனை நாளைக்குக் கட்டிப்போடுவது? ஒருநாள் அந்தப் பேப்பரில் மடித்த ஒரு முறுக்குப் பொட்டலம் போதும், அதில் போட்ட ஒரு புத்தக அட்டை போதும். அன்றைக்கே முந்தானையை இறுக்கிக்கொண்டு அந்திச்சேதி ஆபீசுக்குக் கிளம்பினாள். வரிசையில் நின்றவர்களும் வெறுஞ்சட்டியோடு பின்னால் போனார்கள்.

அந்திச்சேதி முதலாளி வெயிலுமுத்து அண்ணாச்சி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோவில் கொடைக்கு முதல் வரி அவருடையதுதான், வெள்ளை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. அவருடைய மேசையைச் சுற்றி ஆபீசுக்கென்று எடுத்து வைத்த பிரதிகள் கட்டுக்கட்டாக இருந்தன, அந்த அறையே சவக்கிடங்கு மாதிரி குளிர்ந்து கிடந்தது.

"இந்தா பாரு தாயி" என்றார் அண்ணாச்சி. "எனக்கும் வருத்தந்தான். ஆனா பத்திரிகைன்னா நடந்ததப் போடணும். மறைக்கக் கூடாது. இப்படியொரு படத்தப் பாத்தாத்தான் அதிகாரிக்கு உறைக்கும், குழிய மூடுவான். உங்க அக்காவாலதான் இனி நாலு உசுரு பிழைக்கும்."

"குழி மூடியாச்சா அண்ணாச்சி?"

"மூடுவான்."

பூலம்மாள் மேசைமேல் கிடந்த பிரதியைப் பார்க்காமலே அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். "இதுல குழி எங்க இருக்கு? காட்டுங்க. குழியக் காணும், வண்டியக் காணும், வெட்டிப் போட்டுட்டுப் போனவனக் காணும். எங்க அக்கா மட்டும் கிடக்கா. அவளா ரோட்ட வெட்டினா?"

அண்ணாச்சி சேவியரைப் பார்த்தார். சேவியர் கூரையைப் பார்த்தான்.

"உங்க அம்மா தவறினப்ப நீங்களும் படம் போட்டீய. நான் பாத்தேன். காதுல கம்மலு, கழுத்துல சங்கிலி, சிரிச்ச முகம். கண்ணீர் அஞ்சலின்னு கட்டம் கட்டிப் போட்டீய. அவுகளும் ஆஸ்பத்திரியிலதான செத்தாவ? கட்டில்ல கிடந்தமேனிக்கு எடுத்துப் போட்டா நடந்தத நடந்தபடி போட்டமாதிரி இருந்திருக்கும்லா?"

"ஏ, வாய அடக்கிப் பேசு" என்று எழுந்தார் அண்ணாச்சி.

"நான் சண்டைக்கு வரல. கோடி கேக்க வந்திருக்கேன்."

"கோடியா?"

"எங்க அக்காவுக்குப் பொறந்த வீடு நானு. நான் கோடி போட்டேன், அவ போயிட்டா. இது எங்க அக்கா இல்ல. இது எனக்குத் தெரியாத ஒருத்தி, ஊருல வீட்டுக்கு வீடு கிடக்கா. இவ பொறந்தது எங்க? இந்தா இந்த மிசினுல. இவளுக்குப் பொறந்த வீடு இதுதான். பொறந்த வீட்டுக் கோடி வராம எப்படி எந்திரிச்சுப் போவா? அதான் ஊரு போட்ட துணியெல்லாம் மடிச்சு மடிச்சு வைக்கா."

சட்டியோடு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணாச்சி சிரித்துவிட்டார். "பேப்பருக்குப் பொறந்த வீடாம், கோடியாம்! போ தாயி, போயி பிள்ளையப் பாரு."

பூலம்மாள் திரும்பி நடந்தாள். வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னாள், "உங்க வீட்டுலயும் பச்ச உடம்புக்காரி இருக்காளாமே அண்ணாச்சி. வெந்நி வேணும்னா வாங்க. ஆள விடாதீங்க, நீங்களே வாங்க. எங்க வீட்டுல எல்லாரும் அவங்கவங்கதான் வந்து நிக்காங்க."

அண்ணாச்சியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து உடம்பு காயவில்லை. தாய்க்கும் வெந்நீர் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. வேலைக்காரனை அனுப்பினார், திரும்பி வந்தான். மருமகனை அனுப்பினார், திரும்பி வந்தார். பச்சைப்பிள்ளை குளிர்ந்த தண்ணீரில் விறைத்து அழுகிற சத்தத்தை ஒரு பகல் முழுக்கக் கேட்டுவிட்டு, அண்ணாச்சி தானே பித்தளைத் தவலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தண்ணீர் தளும்பக் கூடாதென்று எதை வைத்து மூடினார் தெரியுமா? அவர் வீட்டில் எதை மூடினாலும், எதைத் துடைத்தாலும், எதை விரித்தாலும் அந்திச்சேதிதான். கை பழக்கத்தில் ஒன்றை எடுத்து நாலாய் மடித்துத் தவலை வாயில் போட்டு எடுத்து வந்துவிட்டார்.

வரிசை அவருக்கு வழி விட்டது. அவர் குனிந்து நிலைப்படியைத் தாண்டினார். தாண்டின உடனே அடுப்பு அணைந்தது.

புகைகூட வரவில்லை. நெருப்பு இருந்த இடத்தில் கறுப்பு விறகு கிடந்தது. அடுப்பின்மேல் பக்கத்து வீட்டுப் பால், பின்னால் பூசாரி வீட்டுக் கஞ்சி, வாசல் வரைக்கும் சட்டிகள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, எல்லோர் கண்ணும் அந்தத் தவலை வாய்க்குத்தான் போனது. புரியாதது ஒருத்திக்குத்தான்.

"அணைஞ்சுட்டே" என்றாள் இசக்கிராணி. எழுந்து கையை நீட்டினாள். "தாத்தா, அந்தப் பேப்பரக் கொடுங்க. கிழிச்சுப் பத்த வைக்கேன்."

அண்ணாச்சி பேப்பரைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். தவலைத் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது.

"ஒரு ஓரம் போதும் தாத்தா."

வாசலில் நின்ற பொம்பளைகளில் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். பூலம்மாள் இடையில் வந்து விழுவாள், பிள்ளையை இழுத்துக்கொண்டு போவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரு கை மட்டும் பின்னால் சுவரைப் பிடித்திருந்தது.

"விரிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி" என்றாள். "மறைக்கக் கூடாதுன்னு சொன்னீயள்லா. ஊருக்கெல்லாம் காட்டினீய, இவ ஒருத்திதான் பாக்கி. நான் தடுக்க மாட்டேன். உங்க கையால விரிச்சுக் காட்டுங்க."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். நாட்டுக்குத் தெரிய வேண்டும், அதிகாரிக்கு உறைக்க வேண்டும், எல்லாம் நாக்கு வரைக்கும் வந்திருக்கும். நீட்டின கையோடு அந்தப் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கையில் தாயின் வளையல், ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தது, அதில் ஊக்குகள் கோத்தபடி கிடந்தன. தினம் தினம் எத்தனையோ படத்தைப் பார்த்து, இது பெரிசு, இது சிறிசு என்று அளவு சொன்ன மனுசன், அந்தப் படத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். அதுவும் விரிக்காமலே பார்த்தார். அவர் கை தோளுக்குப் போனது. மடிப்புக் கலையாத அந்தத் துண்டை எடுத்தார். பேப்பரை அதில் வைத்து, ஓரங்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினார், பச்சைப்பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி.

அடுப்பு குப்பென்று பிடித்தது. யாரும் ஊதவில்லை, யாரும் கொளுத்தவில்லை. பால் பொங்கியது.

இசக்கிராணி அடுப்பைப் பார்த்தாள். துண்டுப் பொதியைப் பார்த்தாள். வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊரைப் பார்த்தாள்.

"அம்மாவா சித்தி?" என்றாள்.

 துண்டின் மடிப்பைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டாள், "மூடியாச்சா?"

"மூடியாச்சுட்டி" என்றாள் பூலம்மாள்.

"அப்ப சரி." உட்கார்ந்து விறகை உள்ளே தள்ளினாள். "தவலைய இறக்கி வைங்க தாத்தா. வெந்நி போடுதேன். பிள்ளைக்குத்தான?"

அந்த ஊரில் இன்றைக்கும் அந்தப் 'பிள்ளைக்குத்தான' என்ற சொல்லைச் சொன்னால் வயசானவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மறுநாள் அந்திச்சேதி வந்தது. முதல் பக்கத்தில் பாதிக்கு, அதே அளவுக்கு, அதே இடத்தில், ஓர் எழுத்துக்கூட இல்லாமல் வெறும் வெள்ளை. பேப்பர் போடுகிறவன் போடவில்லை, அண்ணாச்சியே துண்டில்லாத தோளோடு வீடு வீடாக நடந்து, ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு, பிறந்த வீட்டார் கோடி கொண்டு வருகிறமாதிரி இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் அந்த வெள்ளையைக் கத்தரித்துப் படத்தின்மேல் போட்டது. போட்டது போட்டபடி கிடந்தது, விலகவில்லை. பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனார்கள், ஆண்கள் முன்னால், பொம்பளைகள் பின்னால், சத்தமில்லாமல். நெருப்பு வைத்ததும் பிடித்துக்கொண்டது. வீடுகளில் அடுப்பு எரிந்தது, அம்மன் கோவில் நடை திறந்தது, டீக்கடையில் பாய்லர் கூவியது. எல்லோரும் பழையபடி பேசவும் ஏசவும் ஆரம்பித்தார்கள், கொஞ்சம் மெதுவாக.

குழி மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம், தலையில் பூக்கூடையோடு பூலம்மாளும் பின்னால் இசக்கிராணியும் பாலத்துப் பக்கம் வந்தார்கள். சேவியரை அவள் அங்கே வரச்சொல்லியிருந்தாள். அவனும் வந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"எடு" என்றாள் பூலம்மாள், குழியைக் காட்டி. "அண்ணாச்சிட்ட சொல்லியாச்சு. அதே அளவு."

சேவியர் இந்தப் பக்கமிருந்து எடுத்தான், அந்தப் பக்கமிருந்து எடுத்தான், பாலத்துச் சுவரில் ஏறியும் எடுத்தான். எடுத்ததை எல்லாம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"குழின்னே தெரியல மைனி. ரோட்டுல தண்ணி தேங்கினாப்ல இருக்கு. ஆழம் தெரியணும்னா ஒரு ஆளு..." என்றவன், என்ன சொன்னோம் என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பூலம்மாள் கூடையை இறக்கி இசக்கிராணியிடம் கொடுத்தாள். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, மெதுவாக உள்ளே இறங்கினாள். முழங்கால் போனது, இடுப்பு போனது, கலங்கல் தண்ணீர் நெஞ்சுக்கு வந்து நின்றது. ரோட்டின்மேல் அவள் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், வந்து கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

சேவியர் கேமராவைத் தூக்கினான்.

"பொறுடே" என்று கையைக் காட்டினாள் பூலம்மாள்.

அக்கா மகள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். இசக்கிராணி குழியோரத்தில் குத்தவைத்து, வளையலிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். பூலம்மாள் நனைந்த முந்தானையை இழுத்தாள், தோளைச் சுற்றி மூடினாள், சுருக்கத்தை நீவிவிட்டாள், ஊக்கைக் குத்தினாள், குத்தின இடத்தை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "ம், இப்ப எடு" என்றாள்.